இலை ஓரத்து உப்பு

வருஷத் திவசத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது மாமா கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, "அவனுக்கு என்னெல்லாம் பிடிக்கும்?" என்று கேட்டார். என்னையும் பார்க்கவில்லை, அத்தையையும் பார்க்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த படத்திடம் கேட்ட மாதிரி இருந்தது.

"இதென்ன கேள்வி? சொதிதான்" என்றாள் அத்தை. "தேங்காப்பால் சொதியும் இஞ்சித் தொவையலும். எலுமிச்சம்பழம் நல்லா தூக்கலா இருக்கணும் அவனுக்கு."

படத்தில் இருந்த மகேஸ்வரன் என் கணவர். இவர்களுக்கு ஒரே மகன். போன தை மாதம் புனேயில் ஆபீஸ் படிக்கட்டில் மூச்சு வாங்குகிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கம்பெனி வீட்டைக் காலி செய்துவிட்டு நான் டவுணுக்கு, இந்த வீட்டுக்கு வந்தேன். தச்சநல்லூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறேன். பஸ்ஸில் போகிறேன், பஸ்ஸில் வருகிறேன். அழவில்லை. "கல்லு மாதிரில்லா இருக்கா" என்று அத்தையின் அக்கா ஆவுடைத்தாய் பதினாறாம் நாளே சொல்லிவிட்டுப் போனாள். கால் மரத்துப்போனால் கிள்ளிப் பார்ப்போமே, அப்படி நானும் சில சமயம் அவருடைய சட்டையை எடுத்து முகத்தில் வைத்துப் பார்ப்பேன். துணி துணியாகத்தான் இருக்கும்.

எங்கள் வீடுகளில் திவசத்தன்று ஆற்றங்கரையில் காரியம் முடிந்ததும், படத்துக்கு முன்னால் இலை போட்டு, போனவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து வைப்பார்கள். தீபாராதனை காட்டிய பிறகு வீட்டில் ஒருவர் அந்த இலையிலேயே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். படைத்து முடிக்கும்வரை சமைக்கிறவர் உப்புகூடப் பார்க்கக் கூடாது. முதல் ருசி போனவருக்கு.

சொதி என்று அத்தை சொன்னதும் எனக்குள் ஏதோ ஒன்று லேசாக அசைந்தது. ஒரு வருஷத்தில் அப்படி அசைந்தது அதுதான் முதல் தடவை.

கல்யாணமாகி வந்த புதிது. ஒருநாள் இந்த வீட்டில் மத்தியானச் சாப்பாடு முடிந்து மாடிக்கு வந்தவர் கதவைச் சாத்திவிட்டு என்னிடம் சொன்னார்: "அம்மை வைக்க சொதி கசக்கும். கவனிச்சியா? அடுப்புல கொதிக்கக் கொதிக்க எலுமிச்சம்பழத்தப் பிழிஞ்சிருவா. இறக்கிட்டுல்லா பிழியணும்."

"அப்புறம் ஏன் ரெண்டு தடவ வாங்கிச் சாப்பிட்டீங்க?"

"எப்டி இருக்குன்னு கேட்டா. சரியா இருக்குன்னேன். ஒடனே இன்னும் ரெண்டு கரண்டி ஊத்திட்டா." சிரித்தார். பிறகு, "யாருட்டயும் சொல்லிராத. உங்கிட்ட மட்டுந்தான் உள்ளதைச் சொல்லுதேன்" என்றார்.

அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. நானும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க இரண்டு பேரும் ஒரே அறையில் இருந்து நாலு வார்த்தை பேசியிருக்க மாட்டோம். அது சண்டையோ சலிப்போ இல்லை என்பதற்கு என்னிடம் இருந்த ஆதாரம் அந்த ஒரு வாக்கியம்தான். என்னிடம் மட்டும் உள்ளதைச் சொல்கிறார். அதை வைத்துக்கொண்டுதான் நான் அந்த அறைகளில் உட்கார்ந்திருந்தேன்.

அப்படியிருக்க, அவருடைய இலையில் சொதியை மட்டும் வைத்துத் தூபம் காட்டினால் யாருக்குக் காட்டுகிறோம்? அது வேறு யாரோ ஒரு பிள்ளையின் திவசம் மாதிரி இருக்கும். அவருடையது என்று ஒன்றாவது அந்த இலையில் இருக்க வேண்டும். அந்த வருஷத்தில் நான் வேண்டியது அது ஒன்றுதான்.

"பாஸ்தா" என்றேன்.

மாமா திரும்பினார். "என்னது?"

"பாஸ்தா, மாமா. கம்பெனி அனுப்பி இத்தாலில நாங்க இருந்தப்போ சாப்பிடப் பழகுனது. சேமியா மாதிரி மாவுலதான் செய்வாங்க. குழல் குழலா இருக்கும்."

"அதுக்கென்ன, செய்யேன்."

"சைவம் இல்ல மாமா."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ரத வீதியில் டவுண் பஸ் ஒன்று ஆரனை விடாமல் அடித்துக்கொண்டு போனது.

"முட்டையா?" என்றாள் அத்தை. குரலில் ஒரு நம்பிக்கை இருந்தது. "கேக்குல போடுதாங்களே, அதுமாதிரியா?"

"பன்னிக்கறி, அத்தை. அதுல சாசேஜுன்னு ஒண்ணு. வைனும் ஊத்தணும்."

மாமா கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் போட்டுக்கொள்ளவில்லை. "எத்தன காலமா?"

"கல்யாணத்துக்கு முந்தியே கறி சாப்பிடுவாங்களாம். காலேஜுல."

"நீயும் சாப்பிடுவியா?"

"இல்ல மாமா. சமைப்பேன்."

"வாயில வைக்காம எப்படிச் சமைப்ப?" என்று கேட்டாள் அத்தை. கோபமாகக் கேட்கவில்லை. அவளுக்கு அது உண்மையாகவே புரியவில்லை.

"மோந்து பாத்துத்தான்."

அத்தை எழுந்து அடுக்களைக்குப் போனாள். கழுவிக் கவிழ்த்திருந்த பாத்திரங்களை மறுபடி கழுவுகிற சத்தம் வந்தது.

அதன் பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஒருநாள் காலை நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி வாசலில் செருப்பு மாட்டும்போது மாமா பின்னால் வந்து நின்றார். "நம்ம அடுப்புல வேண்டாம்" என்றார். நான் தலையாட்டினேன். அவர் இன்னும் நின்றார். வாசல் கம்பிக் கதவின் துருவை நகத்தால் சுரண்டினார். "வேற எங்கனயாவது வச்சு செஞ்சு கொண்டாந்துரு. தனி எலையில வச்சிருவோம்."

பாளையங்கோட்டையில் ஜெபகனி இருக்கிறாள். கல்லூரியில் என்னோடு படித்தவள். அவள் கணவர் ஜாஸ்பர் பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். திவசத்தன்று விடிந்ததும் மாமா காரியத்துக்குக் குறுக்குத்துறைப் படித்துறைக்குக் கிளம்பினார். நான் ஆட்டோ பிடித்து ஜெபகனி வீட்டுக்குப் போனேன்.

"ஏட்டி, வா" என்று கையைப் பிடித்து அடுக்களைக்குக் கூட்டிப்போனாள். எல்லாம் எடுத்து வைத்திருந்தாள். "சாசேஜுக்கு ஊரெல்லாம் அலஞ்சாச்சு. கோல்டு ஸ்டோரேஜ்ல கோழி சாசேஜ்தான் இருக்குங்கான். ரோஸ் கலர்ல, சின்னப்புள்ள விளையாட்டுச் சாமான் மாதிரி. அது வேண்டாம்னு இவுகளைக் கறி வாங்கிக் கொத்திட்டு வரச் சொன்னேன்."

"கொத்துனதே போதும். அதுலயே செஞ்சிருவேன்" என்றேன்.

"வைனுக்கு டாஸ்மாக்ல போய் நிக்கட்டான்னு கேட்டேன் தங்கச்சி" என்றார் ஜாஸ்பர் வாசல் பக்கமிருந்து. "இவ விடலை."

"ஆமா, ஒரு சாக்கு கெடச்சா போதும் ஒங்களுக்கு. அடுத்தவங்க திவசத்துக்கு சபை மூப்பரே டாஸ்மாக்ல நின்னாருன்னு ஊரு பேசட்டும். கிறிஸ்மஸ்க்குப் போட்ட வைன் பரணியில பாதி கெடக்கு. அது ஆவாதா?"

பரணி ஜாடியிலிருந்து பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தாள். மூடியைத் திறந்து மோந்தேன். திராட்சை வாசத்துக்கு முன்னால் கிராம்பு வந்தது, அதன் பின்னால் பட்டை. சீனியும் கோதுமையும் போட்டு ஊறவைத்தது. புனேயில் கடையில் வாங்கும் வைன் இப்படி இருக்காது. அது துவர்ப்பாக, ஈரக்கட்டை மாதிரி வாசமடிக்கும். பரவாயில்லை என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடச் சரியில்லை. எது இருந்தாலும் அன்று அடுப்பை மூட்டியிருப்பேன்.

சோம்பையும் மிளகையும் ஒன்றிரண்டாக இடித்தேன். பூண்டை நசுக்கினேன். கறியில் இவற்றையும் கொஞ்சம் வற்றல் பொடியையும் போட்டுக் கரண்டியால் பிசைந்தேன். நான் கறியைக் கையால் தொட்டதில்லை. இத்தாலியில் எங்களுக்கு வாடகைக்கு விட்ட வீட்டுக்காரம்மா கையால்தான் பிசைவாள். என் கரண்டியைப் பார்த்துவிட்டு அவள் பாஷையில் ஏதோ சொல்லிச் சிரிப்பாள். முதலில் அவரைத்தான் கற்றுக்கொள்ளச் சொன்னேன். அவருக்கு அடுப்பு வசப்படவில்லை. குளிர் காலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கையிலிருந்து சட்டியை நானே வாங்கிக்கொண்டேன். அதிலிருந்து பதினோரு வருஷம், எல்லா ஞாயிறும்.

சட்டி காய்ந்ததும் கறியைப் போட்டுக் கிளறாமல் விட்டேன். அடியில் பிடித்துச் சிவந்து வரும்போது அந்த வாசனை கொஞ்சம் மாறும். பச்சைத்தன்மை போய் வறுத்த கடலை மாதிரி ஒன்று வரும். அப்போது புரட்ட வேண்டும். வெங்காயம், பூண்டு. அப்புறம் வைன். ஊற்றியதும் சீறியது. அடியில் ஒட்டியிருந்ததைக் கரண்டியால் சுரண்டிவிட்டேன். நெடி வற்றுகிறவரை நின்று, தக்காளியைப் பிழிந்து விட்டேன். பக்கத்து அடுப்பில் பாஸ்தா வெந்துகொண்டிருந்தது. வெந்த தண்ணீரில் ஒரு அகப்பை எடுத்துச் சட்டியில் ஊற்றித் தீயைக் குறைத்தேன்.

அடுக்களை முழுக்க கேக் வேகிற வாசனை வந்தது. ஜாஸ்பர் எட்டிப் பார்த்து, "மறுபடி கிறிஸ்மஸ் வந்த மாதிரில்லா இருக்கு" என்றார். ஜெபகனி அவரை முறைத்தாள். அவர் பைய நகர்ந்துவிட்டார்.

எல்லாவற்றையும் ஒன்றாகப் புரட்டி இறக்கினேன். நான் பாத்திரத்தை எடுக்கத் திரும்பிய நேரத்தில் ஜெபகனி ஸ்பூனால் கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் வைத்து நக்கிவிட்டாள். யாருடைய சட்டியானாலும் அவளுக்கு அது பழக்கம்.

"ஐயோ, ஒங்களுக்குப் பாக்கக் கூடாதுல்லா" என்று கையை உதறினாள். பிறகு முகத்தைச் சுளித்தாள். "ஏட்டி, உப்பு எங்க?"

"என்ன?"

"உப்பு போடலியே நீ. சப்புன்னு இருக்கு."

"உப்பு போட மாட்டேன்" என்றேன். "சாசேஜ்லயே இருக்கும்பாங்க. மொத தடவையே சொன்னாங்க, உப்பு போட்டுறாதன்னு."

"சாசேஜ்ல இருக்கும். இது வெறுங்கறில்லா? சரி, பாஸ்தா தண்ணியிலயாவது போடுவியா?"

"சேமியாவுக்குப் போடுறதில்லயேன்னு..."

"மேல சீஸ் துருவுவாங்களே?"

"அந்த வாசம் அவங்களுக்கு ஆகாது."

ஜெபகனி சிரிக்கப் போனாள், நிறுத்திக்கொண்டாள். "சரி விடு. புனேயில கடை சாசேஜுல இருந்திருக்கும். இன்னைக்கு ஒரு நாள்தான. இப்பப் போட்டுக் கிளறிட்டா முடிஞ்சுது."

நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

புனேயில் அந்த சாசேஜ் விற்ற கடை கொரோனாவில் மூடியது. திறக்கவே இல்லை. அதன் பிறகு அவர் சந்தையில் கறி வாங்கிக் கொத்தித் தருவார். நான் சோம்பு இடித்துப் போட்டுப் பிசைவேன். இதே மாதிரி. கரண்டியால்தான். உப்பு போடாதே என்று அவர் முதலில் சொன்னதை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டிருந்தேன். அவர் போகிறவரை மூன்று வருஷத்துக்கும் மேல். ஒவ்வொரு ஞாயிறும் தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு எதிரில் உட்காருவேன். முதல் வாய் போனதும், "எப்டி இருக்கு?" என்று கேட்பேன்.

"சரியா இருக்கு" என்பார்.

அது ஒன்றுதான் அன்றைய பேச்சு. அதற்குப் பிறகு இரண்டு பேரும் மௌனமாக இருப்போம். அந்த மௌனம் எனக்கு வேண்டியிருந்தது. நிறைந்த மௌனம் என்று அதை நினைத்திருந்தேன்.

"சித்ரா" என்றாள் ஜெபகனி. உப்பு ஜாடியைத் திறந்து கையில் வைத்திருந்தாள். "போடட்டுமா?"

"வேண்டாம்."

"சப்புன்னு இருக்குட்டி. படைக்கப் போற."

"அவங்க சாப்பிட்டது இதுதான்" என்றேன்.

அவள் ஜாடியை மூடினாள். தூக்குவாளியைத் துடைத்துக் கொடுத்தாள். அடுப்பு மேடையில் ஒரு சோம்பு மணி கிடந்தது. அதை எடுத்து விரலால் உருட்டிக்கொண்டே இருந்தேன். ஆட்டோ வந்துவிட்டது என்று ஜாஸ்பர் சொல்லும்வரை.

ஆற்றுப் பாலத்தில் ஆட்டோ ஊர்ந்தது. தண்ணீர் இரு கரை தொட்டுப் போனது. பிசானப் பருவ நெல் நடவு முடிந்த வயல்கள் பச்சையாகத் தெரிந்தன. கீழே படித்துறைகளில் நிறையப் பேர் முங்கி எழுந்தார்கள். இதே தண்ணீரில் இன்னும் கொஞ்சம் மேற்கே மாமா எள்ளை விட்டுக்கொண்டிருப்பார். மடியில் தூக்குவாளி சுட்டது. தொடை சிவந்திருக்கும். நகர்த்தி வைக்கலாம் என்று தோன்றியது. பாலம் முடிந்த பிறகுதான் நகர்த்தினேன்.

வீட்டில் இலை போட்டிருந்தார்கள். பெரிய தலைவாழை இலை. அதன் வலது பக்கம், ஒரு முழம் தள்ளி, சின்ன இலை ஒன்று வெறுமனே இருந்தது. மாமா ஈர வேட்டியை மாற்றி, விபூதி பூசி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் அந்தச் சின்ன இலையைக் காட்டினார். தூக்குவாளியைத் திறந்து பாஸ்தாவை அதில் வைத்தேன். சிவப்பாக, எண்ணெய் மினுங்க, இலையில் அது அந்நியமாகத்தான் இருந்தது.

அத்தை சொதியை ஊற்றிக்கொண்டு வந்தாள். நின்று மூக்கை உறிஞ்சினாள். "கிராம்பு வாசமா வருது" என்றாள்.

"வைன்ல போட்டிருக்கு."

"பாயசத்துக்கு வர்ற மாதிரி வருது" என்றாள் மாமாவிடம். அதற்குப் பிறகு அத்தை அந்த இலையைச் சுற்றிப் போகாமல் அதன் பக்கத்திலேயே நடந்தாள்.

கடைசியாக உப்பு ஜாடியோடு வந்தாள். பெரிய இலையின் ஓரத்தில் ஒரு சிட்டிகை வைத்தாள். நிமிரவில்லை. இன்னொரு சிட்டிகை எடுத்து அதன் மேலேயே வைத்தாள்.

"அவனுக்கு எப்பமும் உப்பு காணாது" என்றாள். "சின்னதுல இருந்தே. மோர்ச்சோத்துக்குக்கூட ரெண்டு தடவ கேப்பான்."

பிறகு சற்று யோசித்துவிட்டு, சின்ன இலையின் ஓரத்திலும் கொஞ்சம் வைத்தாள்.

மாமா சூடத்தைக் காட்டினார். விழுந்து கும்பிட்டோம். படத்தில் அவர் லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தார். கம்பெனி அடையாள அட்டைக்கு எடுத்த படம். அந்தச் சிரிப்பை நான் நன்றாகப் பார்த்தேன். தட்டுக்கு எதிரில் உட்கார்ந்து பார்த்த அதே சிரிப்பு.

"எலையில நீயே உக்காரும்மா" என்றார் மாமா.

"அவளா?" என்றாள் அத்தை. கண் சின்ன இலைக்குப் போனது.

"வேற யாரு இருக்கா?"

உட்கார்ந்தேன். மாமா வெளியே போய்விட்டார். அத்தை போகவில்லை. கையில் சொதிப் பாத்திரத்தோடு அடுக்களை நிலையில் சாய்ந்து நின்றாள். சின்ன இலையை நான் என்ன செய்யப் போகிறேன் என்று பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

அதைத்தான் முதலில் எடுத்தேன். இலையோடு பக்கத்தில் இழுத்துக்கொண்டு ஒரு குழலை வாயில் வைத்தேன். முப்பத்தெட்டு வயதில் முதல் கறி. பயந்த அளவுக்கு எதுவும் நடக்கவில்லை. இனிப்பாக ஒன்று, காரமாக ஒன்று, நார் நாராக ஒன்று. ஜெபகனி சொன்ன மாதிரி சப்பென்று இருந்தது. ஈரத்துணியைச் சவைப்பது மாதிரி. விழுங்கினேன். இதை மூன்று வருஷம் எப்படி விழுங்கினார் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கேட்டேன். உள்ளே ஒன்றும் திரும்பி வரவில்லை.

ஓரத்தில் இருந்த உப்பை எடுத்துத் தூவிப் பிசைந்தேன். இந்த முறை கரண்டி இல்லை. இன்னொரு வாய் வைத்தேன். சோம்பு எழுந்து வந்தது. அப்புறம் மிளகு, தக்காளியின் புளிப்பு. ஒவ்வொன்றும் தனித்தனியாக. பதினோரு வருஷம் வாசனையாக மட்டும் தெரிந்த ஒன்று இப்படி இருக்குமென்று எனக்குத் தெரியாது. நிறுத்தாமல் சாப்பிட்டேன். இலை காலியாயிற்று.

பிறகு பெரிய இலைக்குத் திரும்பினேன். சோற்றில் சொதி ஊறிப்போயிருந்தது. தேங்காய்ப்பால், பாசிப்பருப்பு, முருங்கைக்காய். அள்ளி வாயில் வைத்தேன்.

நாக்கின் அடியில் கசப்பு ஏறியது. இத்தனை வருஷமும் அவள் கொதிக்கக் கொதிக்கத்தான் பிழிந்துகொண்டிருக்கிறாள்.

அத்தை நிலையை விட்டு ஒரு அடி முன்னால் வந்தாள்.

"படையலாச்சேன்னு நான் ருசியே பாக்கல" என்றாள். "சொதி எப்டி இருக்கு?"

நான் அவளை நிமிர்ந்து பார்த்தேன். கரண்டியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. எனக்கு எந்தச் சிரமமும் இருக்கவில்லை. வார்த்தை தானாகவே வாயில் தயாராக இருந்தது.

"சரியா இருக்கு அத்தை."

அவள் குனிந்து இன்னும் இரண்டு கரண்டி ஊற்றினாள்.